விலைச்சீட்டைக் கிழிக்காத சேலை

அந்தப் படத்தில் இருந்த சேலையைப் பிரிஜா ஒருநாளும் உடுத்தியதில்லை.

மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. உடுத்தியிருந்தது என்னவோ அவள்தான். நின்ற இடம் கடியப்பட்டணத்தில் அவள் வீட்டுப் பின்வாசல். அலக்கு கல், கல்மேல் பாதி தேய்ந்த சோப்பு, பக்கத்தில் நீல வாளி. வாளியின் கைப்பிடி அன்று காலையில்தான் உடைந்திருந்தது; வலை பின்னும் பச்சை நைலான் நூலால் அதை இழுத்துக் கட்டியவள் அவளேதான். படத்தில் அந்த நூலும் தெரிந்தது, நூலில் போட்ட முடிச்சும் தெரிந்தது.

அதே அலக்கு கல்லுக்குப் பக்கத்தில், ஈர நைட்டியும் நுரைக் கையுமாக நின்று பிரிஜா செல்போனில் தன் இணையப் பக்கத்தைப் பார்த்தாள். ஆடிக் காற்று கடலிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அப்பியது. படத்தில் இருந்தவள் பல் தெரியச் சிரித்தாள். பிரிஜா படத்துக்கு அப்படிச் சிரிப்பதில்லை. தெத்துப்பல் தெரியும் என்று உதட்டை மூடிக்கொள்வாள். படத்தில் தெத்துப்பல் இல்லை. இடது புருவத்தை அறுத்துக்கொண்டு போகும் தழும்பும் இல்லை. கீழே ஊர்பட்ட பேர் ‘நம்ம பிரிஜா’ என்று எழுதி இதயம் இதயமாய்ப் போட்டிருந்தார்கள்.

முதலில், தானே உடுத்தி நின்றுவிட்டு மறந்துபோனோமோ என்றுதான் யோசித்தாள். பயப்படுவதற்கு முன்னால் தன்மேலேயே குற்றம் தேடிப் பார்க்கிற மனசு அவளுக்கு. அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றதும் ஷீஜாவைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, வீட்டுக்கு வந்து எப்ப படம் எடுத்த?"

"யாரு, நானா? நான் ஒங்க ஊருக்கு வந்தே மாசமாச்சே மக்கா."

"பின்ன அந்த மயில்கழுத்துச் சேலை?"

ஷீஜாவுக்குப் பின்னால், கடையில் துணியை உதறி விரிக்கிற சத்தம் படபடவென்று கேட்டது.

"அது எடிட்டிங். பழைய படத்துல புதுச் சேலைய ஒட்டிருவாங்க. அழகாத்தானே இருக்கு? சந்தோசப்படேன்."

இன்று காலையில் கட்டிய வாளிக் கைப்பிடி பழைய படத்தில் எப்படி வந்தது என்று கேட்க வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

ஷீஜா யாரென்று சொல்ல வேண்டும். கல்லூரியில் பிரிஜாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். படிப்பு முடிந்ததும் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில், கடையின் இணையப் பக்கத்தை நடத்துகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. அது 2016. ஊரில் பிள்ளைகள் போனிலிருந்து தலை நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வமாகிவிட்ட காலம். பிரிஜா ஏற்கெனவே தன் பக்கத்தில் எதையாவது போட்டபடி இருந்தாள்: முட்டம் பாறையில் அடிக்கிற அலை, புதுக் கம்மல், வாழைக்காய் பஜ்ஜி, பூனை, மழை, தலைவலி. "ஒன் முகத்துக்கு எவ்வளவு லைக்கு விழுது பாத்தியா? எங்க துணிய உடுத்திப் போடு மக்கா" என்றாள் ஷீஜா. உடுத்திப் போட்டாள். துணி கடைக்குத் திரும்பப் போக வேண்டும் என்பதால் விலைச்சீட்டைக் கிழிக்கக் கூடாது. கழுத்துக்குப் பின்னால் ஜாக்கெட்டுக்குள் மடக்கிச் செருகிக்கொள்வாள். அட்டை பிடரியை அறுக்கும். சிரித்துக்கொண்டே நிற்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. திங்கள்சந்தை பஸ்ஸில் முன்பின் தெரியாத பிள்ளைகள் "அக்கா, நீங்க பிரிஜாதானே?" என்று கேட்டபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மழை பிடிக்கும் என்று எழுதினால் லைக் கூடுதலாக விழுந்தது; அதனால் மழை பிடித்துப்போயிற்று. மீனைக் கண்டாலே குமட்டும் என்று ஒருநாள் விளையாட்டாக எழுதிவைத்தாள். பிறகு மீன் விற்று வளர்த்த வீட்டிலேயே சோற்றுத் தட்டில் மீனை ஒதுக்க வேண்டி வந்தது. அன்னையர் தினத்தில், மீன்கூடையோடு வாசலில் நின்ற அம்மா குளோரியைப் படமெடுத்து, ‘கடவுள் எனக்குக் காட்டிய முதல் முகம்’ என்று தொடங்கி உருகி உருகி எழுதினாள். எழுதிக்கொண்டிருந்தபோது, என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த அதே முகத்தை "நாறுதும்மா, அங்கிட்டுப் போங்க" என்று விரட்டவும் செய்தாள். குளோரிக்கு வாசிக்கத் தெரியாது. மகள் எழுதியதை ஷீஜாதான் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினாள். அன்று முழுக்க குளோரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று மகள் கேட்கவில்லை.

கடைசியில் தழும்பில்தான் எல்லாம் முறிந்தது. சின்ன வயதில் வள்ளம் தள்ளும்போது துடுப்பு அடித்து வந்த தழும்பு அது. அப்பா சிலுவைதாசன் வள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அப்பாவைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, படுக்கையில் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டுதான் அவள் தூங்குவாள். கடை போடுகிற படங்களில் அதை அழித்துவிடுவார்கள். அப்பாவின் நினைவு நாளன்று, தழும்பும் தெத்துப்பல்லுமாகத் தன் முகத்தை உள்ளது உள்ளபடி போட்டாள். சீந்துவாரில்லை. ‘இது பிரிஜா மாதிரியே இல்ல’ என்று ஒருத்தி எழுத, அதற்கு மட்டும் லைக் குவிந்தது. அன்றைக்கே ஷீஜாவிடம், இனிமேல் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பக்கத்தின் பாஸ்வேர்டு ஷீஜாவிடமும் இருந்தது. அதை மாற்றத் தோன்றவில்லை. தோழியாயிற்றே.

மயில்கழுத்துச் சேலைப் படம் வந்த வாரத்தில் வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. ஜவுளிக்கடைப் படியேறியதும் மூக்கில் ஏறுமே, கஞ்சியும் சாயமும் கலந்த புதுத்துணி வாடை, அதேதான். உப்பும் செதிலும் கருவாடும் சுவரில் ஊறிப்போன வீடு அது. அதற்குள் இந்த வாடை கொடியில் இருந்தது, கதவு மறைவில் இருந்தது, ஒருநாள் அவள் தலையணையில் இருந்தது. அலமாரியை முழுக்க இறக்கிப் பார்த்தாள். பழைய துணிகள்தான் கிடந்தன.

இன்னொரு நாள் மத்தியானம் குளித்துவிட்டு வந்தவள் அடுக்களையில் இரண்டு தேநீர் கிளாஸைப் பார்த்தாள். இரண்டும் குடித்து முடித்தவை. ஒன்றின் விளிம்பில் உதட்டுச் சாயம்.

"யாரும்மா வந்தது?"

"யாரு வந்தா? நீயும் நானும்லா குடிச்சோம்."

"நான் குளிச்சிட்டிருந்தேன்."

குளோரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வேணும்னா வேணும்னு சொல்லு மக்களே. அதுக்கு எதுக்குக் கதை?" அம்மாவின் முகத்தில், அப்பா போன பிறகு காணாத ஒரு தெளிச்சி இருந்தது. கிளாஸைவிட அந்த முகம்தான் பிரிஜாவைப் பயமுறுத்தியது.

அந்த வீட்டில் அந்தி ஜெபமாலை தப்பாது. ஐந்து தேவரகசியங்கள், ஒவ்வொன்றையும் வீட்டில் ஒருவர் முன்சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வார்கள். முதலாவது அப்பாவுக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது பிரிஜாவுக்கு என்று அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து வழக்கம். போன் கைக்கு வந்த பிறகு அவள் அந்த நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். "நீங்க சொல்லுங்கம்மா, இந்தா வாறேன்." போனவள் வரமாட்டாள். குளோரி தானே முன்சொல்லி, தானே பதிலும் சொல்லி முடிப்பாள்.

மறுநாள் காலை கஞ்சி ஊற்றிக்கொண்டே குளோரி சொன்னாள்: "நேத்து நீ மூணாவது சொன்னது எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுட்டி. தெனமும் இப்பிடி வந்து இருந்தா என்ன?"

நேற்று அந்தியில் பிரிஜா மாடியில் இருந்தாள். தன் பக்கத்துக்குள் நுழைய முடியாமல் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தாள். கீழே இரண்டு குரல்கள் கேட்டன. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் ஜெபத்துக்கு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அம்மாவிடம் சொல்லலாம். என்னவென்று சொல்வது?

புதிதாக ஒரு கணக்கு திறந்து, அந்தச் சேலைப் படத்தின் கீழே எழுதினாள்: ‘நான்தான் உண்மையான பிரிஜா. இந்தப் படத்தில் இருப்பது நானில்லை.’ போலி, பொறாமைக்காரி என்று ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கமே பதில் சொன்னது: ‘பாவம், விட்டுடுங்க. என்னை மாதிரி இருக்கணும்னு ஆசை. யாரும் திட்டாதீங்க.’ கூடவே ஒரு இதயம். பிறகு அந்தப் புதுக் கணக்கை உள்ளே விடவே இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதை நினைத்துத்தான் அவள் தைரியம் சொல்லிக்கொண்டாள். ஒல்லிப்பிச்சானாக இருந்த மகளை அப்பா சின்ன மீனின் பெயரால் ‘நெத்தோலி’ என்று கூப்பிடுவார். அந்தப் பெயரை அவள் எங்கேயும் போட்டதில்லை. ஷீஜாவிடம்கூடச் சொன்னதில்லை. அப்பா போன பிறகு அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவளும் அம்மாவும். வீட்டுக்குள் வந்து போகிறவள் யாராக இருந்தாலும், அம்மாவுக்குத் தன் பிள்ளை யாரென்று தெரியும். அது போதும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினாள். ஜங்ஷனில் இறங்கியதும் தலைக்குமேல் அவள் முகம். மாடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் போர்டு, காற்றில் வயிறு உப்பி உப்பி அடங்கியது, மூச்சு விடுகிறதுபோல. ‘நம்ம வீட்டுப் பிள்ளை பிரிஜா உடுத்தும் சேலை.’ அதற்குக் கீழேயே நின்று ஒரு பெண் அவளிடம் மணி கேட்டாள். மேலேயும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். மணி தெரிந்துகொண்டதும் போய்விட்டாள்.

ஷீஜா கடையின் மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். பிரிஜாவைக் கண்டதும் குனிந்துகொண்டாள்.

"அவ யாருட்டி?"

"நீ வரமாட்டேன்னு சொல்லிட்ட. ஆடித் தள்ளுபடி தலைக்கு மேல நின்னுது. மறுநாள் வந்து கதவத் தெறந்தா அவ நிக்குதா, சேலையக் குடுன்னு கேட்டுக்கிட்டு. நீதான்னு நெனச்சேன் மக்கா, சத்தியமா."

"பெறகு?"

"பெறகு தெரிஞ்சுது." ஷீஜா மேசைமேல் கிடந்த நூல் பிசிறைச் சுருட்டினாள். "தெரிஞ்ச பெறகும் கேட்டதெல்லாம் சொல்லிக் குடுத்தேன். நீ நடக்குதது, கோவப்படுதது, பெஞ்சுல நாம பேசுனது. நீ போட்டதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். போடாததுதான் தெரியாம இருந்துது."

"என்ன வித்துட்டியே ஷீஜா."

"எல்லாத்தையும் நான் சொல்லல்ல." இப்போதுதான் நிமிர்ந்தாள். அழுதிருந்தாள். "எனக்கே தெரியாதது எவ்வளவு இருக்கு? அதையெல்லாம் அவ ஒங்க அம்மைகிட்டல்லா கேட்டா."

திரும்பி வருகிற வழியெல்லாம் மழை. பஸ்ஸின் தார்ப்பாய் இறக்கப்பட்டு உள்ளே ஈரத்தலையும் டீசலும் மூச்சும் புழுங்கின. ஷீஜா புளுகுகிறாள். அம்மா அப்படிச் செய்வாளா? குழந்தையில் காய்ச்சல் முற்றியபோது அந்தோனியார் கோயிலில் அவளை அடிமை வைத்து, காணிக்கை போட்டுத் திரும்ப மீட்டுக்கொண்டு வந்தவள். புனிதருக்கே விட்டுக்கொடுக்காத அம்மா. பிரிஜா புருவத்துத் தழும்பைத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். வீட்டுக்குப் போனதும் அம்மாவின் மடியில் விழுந்து எல்லாம் சொல்லிவிட வேண்டும். மீன் நாறினாலும் பரவாயில்லை. நாற வேண்டும்.

கடியப்பட்டணத்தில் இறங்கும்போது அந்தி. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. வியாகுலம்மாள் தன் வீட்டு இறவாரத்தில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு மக்கா? யாரத் தேடுத?"

"நான்தான் மாமி. பிரிஜா."

வியாகுலம்மாள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். "பிரிஜா உள்ளல்லா இருக்கா. இப்பதான் ஜெபத்துக்கு இருந்தாங்க." விளக்கு அவள் முகத்துக்குக் கிட்ட வந்தது. "ஒனக்கும் புருவத்துல காயமா? எந்த ஊரு நீ?"

பிரிஜா தன் வீட்டு வாசலுக்கு நடந்தாள். வீட்டு முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் மெழுகுவர்த்தி வெளிச்சம், திருஇருதயப் படம், அப்பாவின் போட்டோ. தரையில் முழந்தாளிட்ட இரண்டு முதுகுகள். ஒன்று அம்மா.

மற்றது மயில்கழுத்து நிறம்.

புதுத்துணி வாடை ஜன்னல் வழியாக வெளியே வழிந்தது. மழையிலும் அடங்கவில்லை.

இரண்டாவது தேவரகசியம் முடிந்தது. பிரிஜா கம்பியைப் பிடித்தாள்.

"அம்மா."

மணி உருட்டிய விரல்கள் நின்றன. குளோரி திரும்பினாள். பார்த்தாள். நனைந்த தலையை, தெத்துப்பல்லை, புருவத்தை. நெடுநேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிரிஜாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. பெற்றவளின் கண் அது. அடையாளம் கண்ட கண்.

குளோரி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நெத்தோலி" என்றாள், பக்கத்தில் இருந்தவளிடம். "மூணாவது ஒனக்கு. சொல்லு மக்களே."

பிரிஜாவின் குரல் தொடங்கியது. உள்ளே. பிசிறில்லாமல், நிதானமாக. பிரிஜா ஒருநாளும் அவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

சொன்னவளின் தலை குனிந்தது. பின்கழுத்தில், ஜாக்கெட்டுக்கு வெளியே, வெள்ளை அட்டை ஒன்று நூலில் தொங்கி ஆடியது. விலைச்சீட்டு. குளோரி பதில் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். செதில் அறுத்துக் காய்த்த கை. அட்டையை மெதுவாக மடக்கினாள். உள்ளே செருகினாள். அதன்மேல் முடியை ஒதுக்கிவிட்டாள்.

தலைவாரிப் பின்னிவிடும்போது பிரிஜாவுக்கு எப்படி ஒதுக்கிவிடுவாளோ, அப்படியே.

"போன்ல எழுதுனத எனக்கு நேர்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மக்களே" என்று அம்மா முனகியதுபோல் இருந்தது. யாரிடம் என்று தெரியவில்லை. ஜெபம் தொடர்ந்தது.

மூன்றாவது முடிந்தது. மயில்கழுத்துச் சேலை திரும்பியது. தழும்பில்லாத முகம். அது ஜன்னலைப் பார்த்துச் சிரித்தது.

தெத்துப்பல் வந்திருந்தது.

"யாரும்மா ஜன்னல்ல?"

குளோரி எழுந்து வந்தாள். கம்பிக்கு நேரே நின்றாள். கண் நிறைந்திருந்தது. கம்பி வழியாகக் கையை விட்டு, பெருவிரலால் பிரிஜாவின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். சவப்பெட்டியை மூடுமுன் வரைவார்களே, அந்தச் சிலுவை. விரல் இறங்கும்போது தழும்பில் ஒருமுறை நின்றது.

"யாருமில்ல மக்களே" என்றாள் உள்ளே பார்த்து. "சாரல் அடிக்குது."

ஜன்னலைச் சாத்தினாள். கொண்டி விழுந்தது.

மழை. இருட்டு. நெற்றியில் மீன் வாடை. பிரிஜா நகரவில்லை. கத்தவும் இல்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவது?

ஜன்னல் பலகைக்கு அந்தப் பக்கம் நான்காவது போயிற்று, ஐந்தாவது போயிற்று. கடைசியில், வழக்கம்போல், இறந்தவர்களுக்கான ஜெபம். அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கடல்ல போன சிலுவைதாசனுக்காகவும்..." நின்றது. "முன்னால இந்த வீட்டுல இருந்த எங்க பிள்ளைக்காகவும். நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே."

உள்ளேயிருந்து பிரிஜாவின் குரல் பதில் சொன்னது. முடிவில்லா ஒளி அவர்கள்மேல் ஒளிர்வதாக.

ஜன்னலுக்கு வெளியே, இருட்டில், சின்ன வயதுப் பழக்கத்தில் அவள் வாயும் கூடவே அதைச் சொன்னது.